ரொமெய்ன் காரியை எந்த வரிசையில் வாசிப்பது?

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், பிரெஞ்சு எழுத்தாளர் காரி தன்னைப் பற்றிச் சொன்னது. வலப்பக்கம், ஆவணங்கள் சொல்வது. மாலை வகுப்பில் என்னிடம் பிரெஞ்சு கற்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வாழ்க்கை வரலாற்றை முதலில் படிக்க வேண்டாம்.

1960இல் வந்த, காரி தன் வாழ்க்கையையே கதையாகச் சொல்லும் ‘விடியலின் வாக்குறுதி’யில் தொடங்குங்கள். 1914இல் வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) ரோமன் கசேவாகப் பிறந்த யூதப் பையன், வார்சா வழியாக பிரான்சின் நீஸ் நகருக்கு வந்து சேர்கிறான். நீ பெரிய எழுத்தாளன் ஆவாய், பிரான்சின் தூதர் ஆவாய் என்று அம்மா மினா சொல்லிச் சொல்லியே வளர்க்கிறார். நூலின் கடைசிப் பக்கங்களை இப்போதே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

இரண்டாம் உலகப் போர் முழுக்க விமானப்படையிலிருக்கும் மகனுக்கு அம்மாவின் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஊர் திரும்பியபோதுதான் தெரிகிறது: அவர் எப்போதோ இறந்துவிட்டார், எல்லாம் சாகுமுன் எழுதி வைத்தவை. இனி வலப்பக்கம் எழுதுங்கள்: மினா இறந்தது 1941இல், அந்தச் செய்தி போர்க்காலத்திலேயே மகனுக்கு எட்டிவிட்டது. ஆனாலும் அந்தக் கடிதக் கதையைப் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை. சாவுக்குப் பக்கத்தில் இருக்க முடியாத பிள்ளை, அம்மாவைப் போர் முடியும்வரை உயிரோடு வைத்துக்கொண்டான். காரியின் எழுத்து முழுவதற்கும் இதுதான் வாசல்.

பிரான்சின் வெளியுறவுத் துறையில் காரி பார்த்த பணியை வேகமாகக் கடக்கலாம்: சோபியா, பெர்ன், நியூயார்க்கில் ஐ.நா. குழுவின் பேச்சாளர், லா பாஸ், 1956 முதல் 1960 வரை லாஸ் ஏஞ்சலஸில் கான்சல் ஜெனரல். தூதர் பதவி கடைசிவரை வரவில்லை. அதை வலப்பக்கம் குறியுங்கள். யானைகளைக் காக்கப் போராடும் ஒருவனின் கதையான ‘வானத்தின் வேர்கள்’ 1956இல் பிரான்சின் பெரிய இலக்கிய விருதான கொன்க்கூர் பரிசு பெற்றது. நிதானமாகப் படிக்க வேண்டிய தடித்த நாவல்.

பிறகு எமில் அழார் என்ற புனைபெயரில் 1975இல் வந்த ‘எதிரே இருக்கும் வாழ்க்கை’. மோமோ என்ற அரபுச் சிறுவனும், ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட ரோசா அம்மாளும். வரி வரியாக வாய்விட்டுப் படியுங்கள். சிறுவனின் கோணல் பிரெஞ்சு காதில்தான் திறக்கும். ஒருவருக்கு ஒரே முறை தரப்படும் கொன்க்கூர், இதற்கும் கிடைத்தது. நேர்காணல்களில் அழாராக நின்றவர் உறவினர் பால் பாவ்லோவிச். காரி 1980 டிசம்பர் 2 அன்று தற்கொலை செய்துகொண்டார். அழார் தானே என்ற அவருடைய வாக்குமூலம் 1981இல் வெளிவந்தது. அந்தச் சிறு நூலை இந்த இடத்தில் படியுங்கள், முன்னால் அல்ல.

இன்னும் பசியிருந்தால், 1945இல் வந்த முதல் நாவல். போலந்துக் காட்டில் பதுங்கிய எதிர்ப்புப் படையினரின் கதை. குண்டுவீச்சுப் பறத்தல்களுக்கு இடையே இங்கிலாந்தில் இரவுகளில் எழுதியது.