ஃபோர்டு மாடல் ஏ: பழைய பிரேக் டிரம்மிலிருந்து ஹப்பைச் சேதமின்றிப் பிரிக்கும் முறை

1928 முதல் 1931 வரையிலான ஃபோர்டு மாடல் ஏ கார்களின் பிரேக் டிரம்கள் (சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் உருளை வடிவப் பாகங்கள்) எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்கப்பட்டவை. தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அவை சூடேறி விரிந்து, உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் பிரேக் ஷூவை விட்டு விலகுவதால் பிடிமானம் குறைகிறது. இக்காரணத்தால் பழைய கார்களைப் புதுப்பிப்போர் பலர் வார்ப்பிரும்பு டிரம்களுக்கு மாறுகின்றனர். ஆனால் ஹப் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) பழையதே தொடரும் என்பதால், அதைக் கெடுக்காமல் பழைய டிரம்மிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் முழுக் கவனமும் தேவை.

முதலில் தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, காரை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். முன்பக்கத்தில் கிரீஸ் மூடி, காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் பின்), நட், வாஷர், வெளிப்புற பேரிங் ஆகியவற்றைக் கழற்றினால் ஹப் டிரம்முடன் சேர்ந்து வெளியே வரும். பின்பக்கத்தில் ஹப் சரிவான ஆக்சில் முனையில் இறுகி அமர்ந்திருக்கும். அதை இழுத்தெடுப்பதற்கென உள்ள ஹப் புல்லர் என்னும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஆக்சில் நட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி வைத்தால், இறுக்கம் விடும்போது ஹப் தெறித்து விழாது. ஆக்சில் முனையைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்; அந்த அதிர்ச்சி, பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் வரை செல்லும்.

பழைய பிரேக் லைனிங்கின் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையின்) தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஆகவே காற்றழுத்தத்தால் ஊதாமல், தகுந்த முகக்கவசம் அணிந்து, நனைத்துத் துடைத்தெடுங்கள்.

இனி முக்கியமான வேலை. ஹப்பையும் டிரம்மையும் சேர்த்துப் பிடித்திருப்பவை, சக்கரத்தின் நட்டுகள் ஏறும் ஐந்து வீல் ஸ்டட்கள் (மரையுள்ள தண்டுகள்). தொழிற்சாலையில் அவற்றை உள்ளே செலுத்திய பின், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோள் பகுதியை ரிவெட் போல விரித்து அடித்திருப்பார்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் நீக்கிப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் உலோகம் ஒரு வளையமாகப் பிதுங்கியிருப்பது தெரியும். இந்த வளையத்தை நீக்காமல் பிரஸ்ஸில் வைத்து ஸ்டட்டை அழுத்தினால், விரிந்த உலோகம் ஹப்பின் துளை வழியாகவே கிழித்துக்கொண்டு வெளியேறும். துளை பெரிதாகும், ஹப்பின் விளிம்பும் வளையும். பிறகு புதிய ஸ்டட் இறுக்கமாக அமராது.

எனவே ஸ்டட்டின் மரை உட்புறம் நுழையும்படி நடுவில் குழிவாக அமைந்த வட்ட கட்டரை ட்ரில்லிங் மெஷினில் பொருத்துங்கள். ஹப்பை அசையாமல் கிளாம்ப் செய்து, குறைந்த வேகத்தில், கட்டிங் ஆயில் விட்டபடி, சிறிது சிறிதாக வெட்டுங்கள். பிதுங்கிய பகுதி மெல்லிய வளையமாகத் தனியே கழன்று சுழலத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வெட்டினால் கட்டர் ஹப்பின் முகத்தையே தின்றுவிடும். கை கிரைண்டரால் அளவை இவ்வளவு துல்லியமாகக் கட்டுப்படுத்துவது தொடக்கநிலையினருக்குக் கடினம்.

ஐந்தையும் வெட்டிய பிறகு, ஸ்டட்டின் தலை இறங்கும் அளவுக்கு அகலமான தடித்த குழாய்த் துண்டைத் தலையைச் சுற்றித் தாங்கலாக வைத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஒவ்வொன்றாக வெளியே தள்ளுங்கள். தாங்கல் தள்ளியிருந்தால் விளிம்பு வளையும்.

ஸ்டட்கள் போன பின்னும் துருவினால் டிரம் ஒட்டியிருக்கலாம். ஹப்பும் டிரம்மும் நடுவில் சேரும் இடத்தில் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மரச்சுத்தியலால் டிரம்மைச் சுற்றிலும் சீராகத் தட்டுங்கள். அப்போதும் அசையவில்லையெனில், எண்ணெய், கிரீஸ், சீல் அனைத்தையும் நீக்கிவிட்டு டிரம்மை மட்டும் மிதமாகச் சூடாக்கலாம். ஹப்பின் மேல் தீச்சுவாலை படக்கூடாது, ஏனெனில் பின்பக்க ஹப்பின் உட்புறமே பேரிங்கின் ரோலர்கள் ஓடும் தளமாகும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிய பாகத்தைச் சூடாக்கவே வேண்டாம். அதிலிருந்து பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு எழக்கூடும்.

பிரிந்த ஹப்பைச் சுத்தம் செய்து, துளைகளில் விரிசலோ நீள்வட்டத் தேய்மானமோ உள்ளதா என்று பாருங்கள். விளிம்பின் மேல் நேர்விளிம்பு அளவுகோலை வைத்துச் சமதளத்தைச் சரிபாருங்கள். புதிய டிரம்மையும் ஸ்டட்களையும் பொருத்திய பிறகு, ஹப்புடன் சேர்த்தே டிரம்மை லேத்தில் ஏற்றி, அதன் உட்பரப்பு மையம் விலகாமல் சுழலும்படி கடைந்துகொள்ளுங்கள்.