டீ கோஹ் பப்: ஓதம் பார்த்துப் போங்கள், பசியோடு போங்கள்

வேல்ஸின் வடமேற்கு மூலையில், லீன் தீபகற்பத்தின் போர்த்தின்லைன் என்ற குட்டிக் கடற்கரை ஊரில் இருக்கிறது டீ கோஹ். தேநீருக்கும் இந்த ‘டீ’க்கும் சம்பந்தமில்லை. வேல்ஸ் மொழியில் ‘டீ’ என்றால் வீடு, ‘கோஹ்’ என்றால் சிவப்பு. 1823-இல் பாதிரியார் வீடாகக் கட்டப்பட்டு, 1842-இல் சத்திரமானது. வாசலைத் தாண்டிக் காலை வைத்தால் மணல்.

வண்டி வாசல்வரை போகாது. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி. பக்கத்து ஊரான மோர்வா நெவினில், நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கார் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, ஏறக்குறைய 20 நிமிடம் நடக்க வேண்டும். கோடை விடுமுறையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

நடக்க இரண்டு வழி. கடற்கரை மணலோடு போவது அழகு, ஆனால் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) வற்றியிருக்க வேண்டும். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்குச் சுமார் 6 மணி நேரம்தான். நல்ல வற்றத்தில் போய், சாப்பிட்டு, இரண்டு பைன்ட் பீர் குடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் வந்த வழியில் அலை அடித்துக்கொண்டிருக்கும். அப்போது கோல்ஃப் மைதானத்தின் வழியாக மேலே ஏறித் திரும்புங்கள். அங்கே யாராவது ‘ஃபோர்!’ என்று கத்தினால் நிமிர்ந்து பார்க்காதீர்கள். தலையைக் குனிந்து கையால் மூடிக்கொள்ளுங்கள். பந்து வருகிறது என்று அர்த்தம்.

சாப்பாடு மதிய வேளைக்குத்தான். சமையலறை மூடிவிட்டால் சிப்ஸ் பாக்கெட்டோடு பசியாற வேண்டியதுதான், ஆகவே 12 மணிக்கே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் வாரத்தில் சில நாள் மட்டும்தான் திறந்திருக்கும். கிளம்புமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளவும்.

மேஜையில் உட்கார்ந்து சர்வருக்காகக் காத்திருப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. யாரும் வரமாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, நீங்களே எடுத்து வரவேண்டும். ஒரு பைன்ட் 568 மில்லி. ‘ஹாஃப்’ என்று கேட்டால் 284. இரண்டு வகை பீரை ருசித்துப் பார்க்க ஹாஃப்தான் தோது.

மரக் கைப்பிடி வைத்த பம்ப்பில் இழுத்து ஊற்றுவதுதான் கேஸ்க் ஏல் (‘கேஸ்க்’ என்றால் பீப்பாய், ‘ஏல்’ ஒரு வகை பீர்). அது பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பது. 11 முதல் 13 டிகிரியில்தான் தருவார்கள். நம்மூர் ஜில் பீரை நினைத்து வாயில் வைத்தால் ‘ஜில்லுன்னு இல்லையே’ என்று தோன்றும், அது குறையல்ல. ஐஸ் போலக் குளிர்ந்தால் மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) வாசம் அமுங்கிவிடும். நிஜமான குறை வேறு: வினிகர்போலப் புளிப்பது. பீப்பாய் திறந்து மூன்று நாளைக்கு மேலானால் காற்றுப்பட்டுப் புளிக்க ஆரம்பிக்கும். ஒரு வாய் குடித்ததுமே கொண்டுபோய்ச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். பாதி டம்ளர் காலி செய்துவிட்டுப் போனால் எடுபடாது. கலங்கலாக இருந்தால் முதலில் கேளுங்கள். சில ஏல் அப்படியேதான் வரும். பம்ப்பின் பெயர்ப் பலகை திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அந்த ஏல் தீர்ந்துவிட்டது. பக்கத்து நெவினிலேயே கூரு லீன் என்ற பீர் ஆலை உண்டு (‘கூரு’ என்றாலே பீர்தான்). அவர்கள் ஏல் பம்ப்பில் இருந்தால் அதையே கேட்கலாம்.

மணலுக்கு எடுத்துப் போவதானால் பிளாஸ்டிக் டம்ளர்தான். கண்ணாடி உடைந்தால் வெறுங்காலோடு திரியும் குழந்தைகள் பாடு என்ன ஆவது? தட்டோடு வெளியே உட்கார்ந்தால் முதுகுக்குச் சுவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். கடற்காகம் பெரும்பாலும் முதுகுப் பக்கமாகத்தான் பாய்ந்து வரும், சிப்ஸைக் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போய்விடும்.

பப் கிழக்கைப் பார்த்தது. வளைகுடாவுக்கு அப்பால் இர் ஐவல் மலையின் மூன்று சிகரங்கள். பிற்பகல் வெயில் அவற்றின்மேல் விழும்போது பார்க்க வேண்டும். மாலையில் சூரியன் முதுகுப்பக்க மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிடுவதால் முற்றம் சீக்கிரமே நிழலாகிவிடும். ஆகஸ்ட்டிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

கார் ஓட்டுபவர் ஒருவர் குடிக்காமல் இருக்கட்டும். இருட்டும்வரை உட்காருவதானால் டார்ச்சும் எடுத்துப் போங்கள், கோல்ஃப் மைதானத்து வழியில் தெருவிளக்கை நம்ப முடியாது.