முழங்காலுக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுங்கள்

வலங்கைமான் பக்கம் ஒரு வீடு. மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் ஆன அம்மா கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். முழங்காலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணை, அதன் மேல் நாலாக மடித்த போர்வை. மருமகள் பார்த்துப் பார்த்து வைத்தது. "இப்படி வச்சாத்தான் தம்பி நோவு தெரியல" என்றார் அம்மா. நான் போய்ச் செய்த முதல் வேலை அந்தத் தலையணையை உருவியதுதான். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

கும்பகோணத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பவன் நான். ஆபரேஷனில் கோளாறாகிக் கஷ்டப்படுகிறவர்களை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஆபரேஷன் நன்றாக நடந்து, வீட்டுக்கு வந்தபின் பாசத்தினாலும் பயத்தினாலும் காலைக் கெடுத்துக்கொண்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அந்தத் தலையணையிலிருந்தே தொடங்கலாம்.

காலை நன்றாக நீட்டி நிமிர்ந்து நில்லுங்கள். தொடையின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சதை தளர்ந்திருக்கும். உடம்பின் எடை முழங்காலின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்குவதால், பின்பக்கத்து நார்களே மூட்டைப் பூட்டிப் பிடித்துக்கொள்கின்றன. தசைக்கு ஓய்வு. இப்போது முழங்காலை லேசாக மடக்கியபடி நில்லுங்கள். எடை அச்சுக்குப் பின்னால் போய்விடும், தொடைத்தசை இறுகும். இரண்டு நிமிடத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். நீளாத முழங்காலோடு நடக்கிறவர் நாள் முழுக்க இப்படித்தான் நிற்கிறார். அந்தத் தசை இழுக்கும் ஒவ்வொரு கிலோவும் மூட்டையும் சேர்த்து அழுத்துகிறது. கால் குட்டையானதுபோல் ஆகி, நடை நொண்டி, இடுப்பு வலி தனியாக வரும்.

ஆபரேஷன் ஆன மூட்டு, வீக்கத்தினால் தானாகவே அரை மடக்கில் இருக்கப் பார்க்கும். அந்த நிலையில் உள்ளே இடம் கொஞ்சம் அதிகம், அதனால் வலி குறைவு. அதற்குத் தோதாக அடியில் தலையணை வைத்துவிட்டால் சில வாரங்களில் பின்பக்கத்துச் சவ்வு அப்படியே சுருங்கி நின்றுவிடும். தலையணை வைத்தே ஆகவேண்டும் என்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். துண்டைச் சுருட்டிக் குதிகாலின் கீழ் கொடுத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணுங்கள். வலிக்கும். பத்துத் தடவை செய்துவிட்டு ஐஸ் வையுங்கள்.

நம் ஊரில் யாரும் "கால் நீளுதா?" என்று கேட்பதில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது, "எவ்வளவு மடங்குது? சம்மணம் போட முடியுமா?" பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த ஊர், கேட்கத்தான் செய்வார்கள். கணக்கைப் பாருங்கள். தெருவில் நடக்க முழங்கால் 60 முதல் 70 டிகிரி மடங்கினால் போதும். படிக்கு 80 முதல் 100, நாற்காலியிலிருந்து எழ 90-க்குக் கொஞ்சம் மேல். சாதாரணமாகப் புது மூட்டு 110, 120 வரை மடங்கும். குத்தவைத்து உட்கார 130-ஐத் தாண்ட வேண்டும், அது பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆபரேஷனுக்கு முன்னால் கால் எவ்வளவு மடங்கியதோ, அதை ஒட்டித்தான் பின்னாலும் மடங்கும். 'ஹை ஃபிளெக்ஸ்', அதாவது அதிகம் மடங்கும் என்று விற்கிற மூட்டு வாங்கினால் தரையில் உட்கார்ந்துவிடலாம் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் என்னிடம் வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

காசைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அந்தக் காசுக்கு உள்ளே எதை வைக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலை மேலே பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்தக் குழிவில் பஞ்சலோகத்தை ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தொடை எலும்பின் முனையில் மாட்டுகிற கோபால்ட்-குரோமியம் கவசம் பெரும்பாலும் அதே மெழுகு வார்ப்புத் தத்துவத்தில் வார்க்கப்படுவதுதான். மண்ணுக்குப் பதில் பீங்கான் ஓடு, அவ்வளவே. முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். உண்மையில் தேய்வது இந்தப் பிளாஸ்டிக். 'தங்க மூட்டு' என்று விற்பதில் தங்கம் கிடையாது. டைட்டானியம், நையோபியம் கலந்த பூச்சுக்கு அந்த நிறம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதில் அர்த்தம் உண்டு. மற்றவர்கள் நிறத்தைப் பார்த்துக் கடன் வாங்க வேண்டாம்.

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. கோபால்ட்-குரோமியத்துக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. பில்லில் மூட்டின் பெயரும் விலையும் தனியாக வரவேண்டும். பெட்டியில் வரும் ஸ்டிக்கரையும் வாங்கி ஃபைலில் ஒட்டிவையுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

எந்த உலோகம் என்பதைவிட எந்தக் கோணத்தில் பொருத்தினார்கள் என்பது முக்கியம். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நூல் பிடித்தால் அது முழங்காலின் நடுவில் போகவேண்டும். நம்மவர்களுக்குத் தேய்மானம் பெரும்பாலும் உட்பக்கம், அதனால் கால் வெளியே வளைந்து வில்லாகிறது. வளைய வளைய உட்பக்கத்தில் சுமை கூடும், சுமை கூடக் கூட இன்னும் வளையும். "இழுத்துக்கிட்டு ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று தள்ளிப்போடுவது இங்கேதான் தப்பாகிறது. உட்பக்க எலும்பே குழிந்துபோனபின் போனால், குழியை அடைக்கத் துண்டுகளும் நீளத் தண்டும் வைத்துப் பெரிய வேலையாகிவிடும். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்த அன்றே கத்திக்கு ஓடவேண்டும் என்பதில்லை. கால் வளைகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டிப் பாருங்கள் என்கிறேன்.

இனி பெல்ட் விஷயம். பெரிய கடைத்தெருவில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் 'நீ கேப்' தருவார்கள். இறுக்கமான காலுறைபோல் இருக்கும், நடுவில் ஓட்டை இருந்தாலும் இருக்கும். அது ஒரு கிலோ எடையைக்கூடத் தாங்காது. செய்வது இரண்டு வேலைதான். கதகதப்பு தரும், தோலை அழுத்துவதால் கால் எங்கே இருக்கிறது என்பது மூளைக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் நடையில் தைரியம் வரும். அதுவும் நல்லதுதான். ஆனால் மூட்டைத் தாங்குகிறது என்று நினைத்து ராத்திரியும் கழற்றாமல் தூங்குகிறார்கள். ஒரு அளவு சின்னதாக வாங்கி, கெண்டைக்கால் வீங்கி, "பெல்ட்டு போட்டும் வீக்கம் வடியல" என்று அதன் மேல் இன்னொரு சுற்று கிரேப் பேண்டேஜ் சுற்றியவரையும் பார்த்தேன். சித்திரை வெயிலில் அந்த ரப்பருக்குள் வியர்த்துப் படை வேறு.

எடையை உண்மையிலேயே மாற்றுவது வேறு வகை. பக்கத்தில் உலோகப் பட்டையும் கீலும் உள்ள, 'அன்லோடர்' எனப்படும் பிரேஸ். வளைந்த மூங்கிலை நிமிர்த்த என்ன செய்வீர்கள்? இரண்டு முனையை ஒரு பக்கமும் நடுவை எதிர்ப்பக்கமும் தள்ளுவீர்கள். அதே மூன்று புள்ளி அழுத்தத்தில் தேய்ந்த உட்பக்கத்துச் சுமையில் ஒரு பங்கை வெளிப்பக்கத்துக்குத் தள்ளுகிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு, ஆபரேஷனைத் தள்ளிப்போட, இது உதவலாம். இரண்டு பக்கமும் தேய்ந்தவருக்கும், வளைவு கையால் தள்ளினாலும் அசையாத அளவுக்கு இறுகியவருக்கும் பணம் வீண்.

கீல் வைத்த பிரேஸை மாட்டும் விதத்தில்தான் பத்தில் எட்டுப் பேரை நான் திருத்தவேண்டியிருக்கிறது. நின்றுகொண்டே மாட்டுகிறார்கள், அரை மணியில் அது சரிந்து கீழே இறங்கிவிடுகிறது. நாற்காலி நுனியில் உட்காருங்கள். பாதம் தரையில், முழங்கால் பாதி மடக்கில். கீலின் வட்டம் முழங்கால் சில்லின் நடு உயரத்துக்கு நேராக, பக்கவாட்டில் காலின் நடுக்கோட்டுக்குச் சற்றே பின்னால் வரவேண்டும். முழங்கால் சுழல்கிற அச்சு அங்கேதான். முதலில் முழங்காலுக்குக் கீழே, கெண்டைச்சதை புடைப்பதற்கு மேலே வரும் பட்டையை இறுக்குங்கள். அந்தச் சதைதான் பிரேஸைத் தாங்கும் திட்டு. பிறகு மற்றவை. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையவேண்டும். கீல் இரண்டு விரற்கடை கீழே இறங்கினால் கதவின் கீலை இடம் மாற்றி அடித்த கதைதான்: கால் ஓர் அச்சில் மடங்கும், பிரேஸ் இன்னோர் அச்சில் மடங்கும், நடுவில் தோல் உரியும்.

ஆபரேஷன் ஆன பிறகு பெல்ட்? பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். மரப்பு ஊசியின் வேகம் போய்த் தொடைத்தசை விழிக்கும் வரை சில நாள் நீளமான பிரேஸ் கொடுப்பார்கள், நடக்கும்போது ஆள் விழாமல் இருக்க. டாக்டர் கழற்றச் சொன்னபின்னும் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தால், தசைக்கு வேலையில்லாமல் தொடை மெலியும். முழங்கால் சில்லு என்பது அடிபம்பின் கைப்பிடி மாதிரி. அச்சிலிருந்து தள்ளி நின்று, தொடைத்தசையின் இழுப்புக்குப் பலம் கொடுக்கிறது. கைப்பிடி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அடிக்க ஆள் வேண்டாமா?

சுமைக்கு வருகிறேன். பெர்லினில் ஆராய்ச்சியாளர்கள் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவி வைத்து, ஆட்களை நடக்கவிட்டு அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல், இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அறுபது கிலோ அம்மா ஒருவர் சுவாமிமலையின் அறுபது படியை இறங்கினால் ஒவ்வொரு படியிலும் ஒரு முழங்காலில் இரண்டு மூட்டை நெல்லுக்கு மேல் சுமை. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பதை நம் ஆட்கள் நம்புவதே இல்லை. ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முன்னால், கைப்பிடியை விடாமல். டவுன் பஸ்ஸின் முதல் படிக்கும் இதே கணக்கு.

கம்பை வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறவர்கள்தான் அதிகம். எதிர்க் கையில் பிடியுங்கள். வலி காலை ஊன்றும்போது எதிர்க் கை இயல்பாக முன்னே வரும், கம்பும் கூடவே தரையைத் தொட்டுச் சுமையில் பங்கு வாங்கிக்கொள்ளும். வலிக்கிற பக்கமே பிடித்தால் உடம்பு அந்தக் காலின் மேலேயே சாயும்.

டெல்டாக்காரர்களுக்கென்று ஒன்று தனியாகச் சொல்லவேண்டும். "குறுவைக்கு வயலுக்குப் போலாமா?" என்று வைகாசி பிறந்ததும் கேட்பார்கள். வரப்பில் நடப்பது, மடையைப் பார்ப்பது, மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். பயப்பட வேண்டியது சேற்றுக்கு. உளையில் பாதம் புதைந்து பிடித்துக்கொள்ளும், யாரோ கூப்பிட்டார்கள் என்று உடம்பைத் திருப்புவோம். பாதம் நின்ற இடத்தில், இடுப்பு திரும்பிவிட்டது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். இயற்கை மூட்டு ஓரளவு சுழன்று கொடுக்கும். செயற்கை மூட்டில் அந்த முறுக்கு பிளாஸ்டிக்கையும், உலோகத்தை எலும்போடு பிடித்திருக்கும் சிமெண்டையும் இழுக்கும். சேற்றில் திரும்பவேண்டும் என்றால் பாதத்தைப் பிடுங்கி எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

இன்னொன்று சேற்றுப்புண். நடவுக்கு இறங்கிய விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி அரிக்கும், மஞ்சள் பூசிவிட்டு மறந்துவிடுவோம். கிருமி ரத்தத்தில் ஏறினால் உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே மாத்திரை எளிதில் எட்டாது. ஆபரேஷனுக்கு முன்னால் காலில் புண் இருந்தால் ஆறியபின்தான் தேதி. பின்னாலும் விரலிடுக்கை உலர்த்தி வைக்கவேண்டும், சர்க்கரை இருந்தால் கேட்கவே வேண்டாம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதம் ஆகாவிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கிருமித் தொற்றுக்கான ஆபத்து அதிலும் கூடும்.

தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருப்பது, நடக்கும்போது 'டிக்' என்று சத்தம், சில மாதம் மூட்டு வெதுவெதுப்பாக இருப்பது, இவையெல்லாம் பெரும்பாலும் சாதாரணம். இதற்காக யாரும் தைலம் காய்ச்ச வேண்டாம். குறிப்பாக முதல் சில வாரத்தில் கெண்டைக்காலை எண்ணெய் விட்டு உருவிவிடுவது கூடவே கூடாது. நரம்பு இழுக்கிறது என்று நினைத்துத் தேய்ப்பார்கள். உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாக இருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, அழுத்தினால் வலித்தால் அன்றே காட்டுங்கள். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.