சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி: கல்லூரியில் நிரலாக்கப் போட்டி வட்டம் தொடங்கும் முறை

பெங்களூரில் பொறியியல் படிக்க வரும் நம் மாணவர்களில் பலர் காம்பெடிட்டிவ் புரோகிராமிங் (கொடுத்த கணக்குகளைக் குறித்த நேரத்துக்குள் நிரல் எழுதித் தீர்க்கும் போட்டி) என்ற சொல்லைக் கேள்விப்படுவதே மூன்றாம் ஆண்டில், பிளேஸ்மெண்ட் நெருங்கும்போதுதான். அந்த அவசரத்தில் அறைக்குள் தனியே உட்கார்ந்து நூறு விடைகளை மனப்பாடம் செய்வதைவிட, முதலாண்டிலேயே ஐந்தாறு பேர் சேர்ந்து வாரம் ஒரு போட்டி எழுதிப் பழகுவது எவ்வளவோ மேல். அப்படியொரு வட்டத்தைக் கல்லூரியிலோ பி.ஜி. விடுதியிலோ எப்படித் தொடங்குவது, தொடங்கியதை எப்படிக் கலையாமல் காப்பது என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். லூப், அரே, ஃபங்ஷன் ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால் நீங்கள் இதில் இறங்கலாம்.

படி 1: நாளையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள்

ஜப்பானின் அட்கோடர் இணையதளம் புதியவர்களுக்காக நடத்தும் பிகினர் கான்டெஸ்ட் பெரும்பாலும் சனிக்கிழமைகளில், நம் நேரப்படி மாலை 5:30 மணிக்குத் தொடங்கி 100 நிமிடங்கள் நடக்கிறது. கோட்ஃபோர்சஸ் என்ற இன்னொரு தளத்தின் போட்டிச் சுற்றுகள் பல இரவு 8:05 மணிக்குத் தொடங்குவதால், அவை முடியும்போது விடுதிக் கதவு சாத்தப்பட்டுவிடும். வீட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்குப் பேருந்துக் கவலையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே புதியவர்கள் கூடி எழுதுவதற்குச் சனிக்கிழமை மாலையே ஏற்றது. யாராவது வர முடியாமல் போனால், முடிந்த போட்டியையே பிறகு நேரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். ஆனால் கூடும் நாளை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 2: போட்டிக்குப் பின் ஒரு மணி நேரம் எழுந்து போகாதீர்கள்

வட்டத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நான் படித்த கல்லூரியில் எங்கள் முதல் முயற்சி மூன்று மாதத்தில் கலைந்துபோனது. ஒவ்வொரு போட்டியும் முடிந்தவுடன் தரவரிசையை அச்சிட்டு ஆய்வகக் கதவில் ஒட்டினோம். கடைசியில் இருந்தவர்கள் அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரம் புதிய கடைசியாட்கள் வரவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது, தீராமல் நின்ற கணக்கை உடனிருந்து தீர்த்துக் காட்டும் ஓர் ஆள். நாங்கள் கொடுத்ததோ ஓர் எண்.

எனவே போட்டி முடிந்ததும் தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் திரும்ப உட்காருங்கள். ஒவ்வொருவரும் தம்மால் முடிந்த கடைசிக் கணக்குக்கு அடுத்த கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தீர்த்தவருக்கு மூன்றாவது, நான்கு தீர்த்தவருக்கு ஐந்தாவது. இதைத்தான் அப்சால்விங் என்கிறார்கள். முதல் அரை மணி நேரம் எடிட்டோரியலை, அதாவது தளம் வெளியிடும் விடை விளக்கத்தை, திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு திறந்தாலும், படித்துப் புரிந்துகொண்டதும் அதை மூடிவிட்டு நிரலைச் சொந்தமாக எழுத வேண்டும்.

இது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு மாலையைச் சொல்கிறேன். மடிவாளாவில் ஒரு பி.ஜி. மொட்டை மாடியில், பின்லாந்தில் உருவான சி.எஸ்.இ.எஸ். என்ற இணையக் கணக்குத் தொகுப்பிலிருந்து ‘டிஸ்டிங்க்ட் நம்பர்ஸ்’ என்ற கணக்கை எடுத்திருந்தோம். 2 லட்சம் எண்கள் வரை கொடுக்கப்படும். அவற்றில் வெவ்வேறானவை எத்தனை என்று சொல்ல வேண்டும். ஒரு மாணவி ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முன்னால் வந்த எல்லா எண்களோடும் ஒப்பிட்டு எழுதியிருந்தாள். தளம் நேரம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியது.

“அண்ணா, என் லேப்டாப்ல உடனே விடை வருதே?”

“எத்தனை எண் குடுத்துப் பார்த்தம்மா?”

“அஞ்சு.”

அவளையே தாளில் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 2 லட்சம் எண்களுக்கு ஏறத்தாழ 2000 கோடி ஒப்பீடுகள் வரும். சி++ நிரல் ஒரு விநாடியில் 10 கோடி எளிய செயல்களைச் செய்யும் என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும், 200 விநாடி ஆகும். தளம் தருவதோ ஒரே விநாடி. எண்களை முதலில் வரிசைப்படுத்திவிட்டால், ஒரே எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றையும் அதன் இடப்பக்கத்து எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். வரிசைப்படுத்த ஆகும் செயல்கள் சுமார் 36 லட்சம். பெருக்கலை முடித்தவள் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் முதல், கணக்கின் கதையைப் படிக்கும் முன்பே அதன் எல்லைகளைத்தான், அதாவது எத்தனை எண்கள் வரை வரும், எத்தனை விநாடி கிடைக்கும் என்பதைத்தான், அவள் தேடினாள்.

படி 3: தவறுகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள்

வட்டத்துக்கு ஒரு பொது நோட்டு போதும். அதில் கணக்கின் பெயர், விழுந்த தவறு, அது பிடிபட்ட விதம் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ‘100 கோடி என்ற எண்ணை மூன்று முறை கூட்டினேன், விடை மைனஸில் வந்தது’ என்று ஒருவர் எழுதுவார். சி++ மொழியின் இன்ட் வகை சுமார் 214 கோடி வரைதான் கொள்ளும், கூட்டுத்தொகைக்கு அதைவிடப் பெரிய லாங் லாங் வகை வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே அடுத்தவருக்குப் புரிந்துவிடும். பெயர் போட்டு எழுத வேண்டும். சீனியர்களின் தவறுகள் முதல் பக்கத்திலேயே இருந்தால் புதியவர்களின் கூச்சம் போய்விடும்.

படி 4: தமிழில் விளக்கச் சொல்லுங்கள்

சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் தமிழ் வழியில் படித்து இங்கே வருகிறவர்கள், வகுப்பில் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கத் தயங்கி வாயை மூடிக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சந்தேகம் அவர்களுக்குத் தெளிவாகவே இருக்கிறது, வாக்கியம்தான் வருவதில்லை. கணக்கின் மூலத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, என்ன கேட்கிறார்கள் என்பதை ஒருவர் தமிழில் இரண்டு வாக்கியங்களில் சொல்லட்டும். குழுவில் கன்னடம் பேசும் நண்பர் இருந்தால் எல்லோருக்கும் பொதுவான மொழியில் ஒரு முறை திருப்பிச் சொல்லிவிடுங்கள். யாரும் விட்டுப்போகக் கூடாது.

படி 5: போட்டி நேரத்தில் விடை பகிர வேண்டாம்

போட்டி நடக்கும்போதே டெலிகிராமில் விடைகள் உலவுகின்றன. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் நிரல் கிடைக்கிறது. முதல் நாளே இரண்டும் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஒத்த நிரல்களைத் தளங்கள் கண்டுபிடித்து நீக்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், கடன் வாங்கிய விடைக்கு அடுத்த கணக்கு எது என்று அந்த மாணவருக்கே தெரியாது. இரண்டாம் படி அவருக்கு அங்கேயே முறிந்துவிடுகிறது.

படி 6: மூவருக்கு ஒரு மடிக்கணினி

நான்கைந்து மாதம் கழித்து ஐ.சி.பி.சி. என்ற கல்லூரி அணிகளுக்கான நிரலாக்கப் போட்டியின் முறையில் பழகுங்கள். அதில் மூன்று பேருக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம். ஒரு கணக்கைத் தீர்ப்பதற்கு முன் அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் 20 நிமிடம் தண்டமாகச் சேரும். இரண்டு பேர் தாளில் யோசிக்க, ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால், தனியாக வேகமாக எழுதுகிறவர்கூட முதல் தடவை திணறுவார். திணறட்டும், பழகிவிடும்.

படி 7: பொறுப்பை முன்கூட்டியே கைமாற்றுங்கள்

இறுதியாண்டினர் பிளேஸ்மெண்டில் மூழ்கும்போது பல வட்டங்கள் நின்றுவிடுகின்றன. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே நோட்டையும் அறைச் சாவியையும் ஓர் இரண்டாமாண்டு மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் நடத்தும் முதல் சனிக்கிழமை, சீனியர்கள் எல்லோரும் வாயைத் திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து போட்டியை எழுத வேண்டும்.