ரோட்டரி டூலால் பிசிபி துளையிடும் முறை

பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை, பெரும்பாலும் எஃப்ஆர்-4 என்ற போர்டுதான். அதில் எபாக்சி பிசினோடு கண்ணாடி இழை இருப்பதால் சாதாரண ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட் சீக்கிரமே மழுங்கிவிடும். கார்பைடு பிட் வாங்குங்கள். அது வெகுநாள் கூர்மையாக இருக்கும்; ஆனால் துளி பக்கவாட்டில் தள்ளினாலும் பட்டென்று ஒடியும். அதனால் டூலைக் கையில் பிடித்துக்கொண்டு கார்பைடு பிட்டால் துளைபோட முயல வேண்டாம். டூலைப் பொருத்தி நேராக ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் கட்டாயம். அதன் தலை ஆடினால், நல்ல பிட்டும் வீண்தான்.

பிட்டின் காம்பு 3.175 மி.மீ. இருக்கட்டும், காலெட்டில் (பிட்டைக் கவ்வும் பிடியில்) நேராக உட்காரும்.

ஐசி, கால் வாட் ரெசிஸ்டருக்கு 0.8 மி.மீ. துளை போதும். 4007 டையோடுக்கும் ஹெடர் பின்னுக்கும் (இணைப்புக்கான வரிசைக் கம்பிகள்) 1.0. ஹெடர் பின் 0.64 மி.மீ. சதுரம்தானே, 0.8 போதாதா என்று தோன்றும். மூலைக்கு மூலை அளந்தால் 0.9 வரும், நுழையாது. ஸ்க்ரூ டெர்மினலுக்கு 1.3, எம்3 போல்ட்டுக்கு 3.2.

எட்சிங் (வேண்டாத செம்பைக் கரைத்தெடுப்பது) முடிந்த பிறகே துளையிடுங்கள். டிசைனிலேயே ஒவ்வொரு பேடின் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டு) நடுவிலும் 0.4 மி.மீ. வெற்றிடம் விட்டால், அங்கே செம்பு கரைந்து சின்னக் குழியாகிவிடும். பிட் வழுக்காமல் நிற்க அதைவிட நல்ல வழி இல்லை.

செம்புப் பக்கம் மேலே இருக்க, அடியில் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) துண்டு வையுங்கள். வேகம் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்குக் குறைய வேண்டாம். போர்டை முதலில் தளர்வாக விடுங்கள். நுனி குழியைத் தொட்டதும் போர்டு தானாக நகர்ந்து மையத்துக்கு வரும். அப்போது அழுத்திப் பிடித்து, நிதானமாக இறக்கி உடனே ஏற்றுங்கள். பிட் முழுசாக வெளியே வரும்முன் போர்டை அடுத்த பேடுக்கு இழுப்பதுதான் பாதி பிட்களைக் காவு வாங்குகிறது.

பேடு பெயர்ந்தால், துளையோரம் பிசிறு எழுந்தால், எபாக்சி கருகும் வாடை வந்தால் பிட் மழுங்கிவிட்டது. துளை பெரிதாகவோ கோணலாகவோ விழுந்தால் காலெட்டைக் கழற்றித் துடையுங்கள்; உள்ளே தூசி சிக்கியிருக்கும்.

அந்தத் தூசி கண்ணாடித் தூள். பாதுகாப்புக் கண்ணாடியும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிசிறை நீக்க 400 எண் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்த்தால் தூசியும் பறக்காது.