குளத்தைக் காக்க வளவில் செய்யவேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடிக் கடல்நீரேரியைச் சேர்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைக் குளங்களும் தாழ்ந்த வயல்களும் தரவைகள் எனப்படும் வெட்டவெளி நிலங்களும் தேக்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே மெல்ல இறக்குவதால்தான் கோடையிலும் நம் கிணறுகளில் நீர் நிற்கிறது. இவற்றின் அருகே வீடுகள் எழும்போது, மண்ணில் ஊறியிருக்க வேண்டிய நீர் கூரையிலும் சீமெந்து முற்றத்திலும் விழுந்து ஒரே மூச்சில் ஒழுங்கைக்கு ஓடுகிறது. வழியிலுள்ள மண், எண்ணெய், பொலித்தீன் அனைத்தையும் அள்ளிச் சென்று குளத்தில் கொட்டுகிறது. நுண்ணிய வண்டல் படியப் படியக் குளத்தின் அடி இறுகி, நீர் கீழிறங்குவது குறைகிறது. குளத்துக்குள் வந்துவிட்ட வண்டலை அகற்றுவது பெரும் செலவு. ஆகவே வேலை வளவிலேயே தொடங்க வேண்டும்.

காணி வாங்குவதற்கு முன், இயன்றால் ஒரு மாரியில், நல்ல மழை பெய்யும்போதே குடையுடன் சென்று பாருங்கள். வெள்ளம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த மதகினூடாகப் போகிறது, எங்கே தேங்குகிறது என்பதை அயலிலுள்ள முதியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். காணி உறுதிப் பத்திரத்தில் எழுதப்படாத வெள்ளவாய்க்கால்கள் பல உள்ளன. அவற்றின்மேல் மதில் எழுப்பினால் நீர் அயலவர் வளவுக்குத் திரும்பும், அல்லது வேகம் கூடிக் குளக்கட்டை அரிக்கும். மதில் கட்டியே ஆகவேண்டுமெனில், நீர் செல்லும் இடத்தில் தரைமட்டத்தில் அகன்ற திறப்புகளை விடுங்கள்.

அதிக மண் குளத்துக்குச் செல்வது கட்டட வேலை நடக்கும் மாதங்களில்தான். அத்திவாரம் வெட்டும் வேலையைக் கோடையிலேயே முடிப்பது முதல் பாதுகாப்பு. மணற்குவியலையும் வெட்டிய மண்ணையும் ஒழுங்கை ஓரத்தில் கொட்டாமல் வளவின் மேடான பகுதியில் வைத்துத் தறப்பாளால் மூடுங்கள். வளவின் தாழ்ந்த எல்லையில் ஒரு சிறு அகழி வெட்டி, அதன் வெளிப்புறம் மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கினால், கலங்கிய நீர் சற்று நின்று வண்டலை விட்டுவிட்டுச் செல்லும். சீமெந்துக் கலவைப் பாத்திரங்களைக் கழுவிய நீரை எக்காரணம் கொண்டும் வாய்க்காலில் விடக்கூடாது.

வீடு முடிந்தபின் கூரைநீரே முதன்மையான கணக்கு. 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் நீர் இறங்குகிறது. அதே ஒழுங்கையில் பத்து வீடுகள் இருந்தால் 50,000 லீற்றர். பீலி பூட்டித் தாங்கியில் சேர்ப்பது நல்லதே, ஆனால் 1,000 லீற்றர்த் தாங்கி அத்தகைய மழையின் முற்பகுதியிலேயே நிரம்பிவிடும். மிஞ்சும் நீரை வாழைப் பாத்திக்கோ, முழங்காலளவு ஆழமான அகன்ற பள்ளத்துக்கோ திருப்புங்கள். நீரை நிலத்துக்குள் இறக்கும் ஊறுகுழி அமைப்பவர்கள் இங்கு மிகுந்த கவனம் கொள்ளவேண்டும்: நம் நிலத்தடிக் கல் நீரை வடிகட்டாமலே கிணற்றுக்குக் கடத்திவிடக்கூடியது. எனவே குழிக்குள் கூரைநீரை மட்டும் விடுங்கள்; வாகனம் நிற்கும் இடத்து நீரையோ கழிவுநீரையோ விடவேண்டாம்; முதல் மழையின் அழுக்கு நீரைத் தனியே வெளியேற்றுங்கள்; கிணற்றிலிருந்தும் மலகூடக் குழியிலிருந்தும் இயன்ற அளவு தள்ளி அமையுங்கள். மார்கழியில் நிலத்தடி நீர் தரையை நெருங்கிவிடும் தாழ்ந்த காணிகளில் ஊறுகுழியால் பயனில்லை. அங்கு ஆழமற்ற பள்ளமே ஏற்றது. முற்றம் முழுவதற்கும் கல் பதிக்கும் புதிய வழக்கத்தைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. வாகனச் சில்லுகள் செல்லும் இரு தடங்களுக்கு மட்டும் கல் பதித்து, மீதியை மண்ணாக விட்டால் போதும்.

பல வீடுகளின் நீர் சேரும் வாய்க்காலைக் குழாய் வழியே நேராகக் குளத்தில் விடுவது பெரும் தவறு. குளத்துக்கு முன்னே வண்டல் படிய ஒரு குழியும், அதன் வாயில் குப்பையைத் தடுக்கும் கம்பித் தட்டியும், அதற்கப்பால் கோரையும் புல்லும் வளர்ந்த அகன்ற, ஆழமற்ற தடமும் இருக்கவேண்டும். கோரையை அழகின்மையாகக் கருதி வெட்டி எறிகிறவர்கள், நீரைத் தணித்து வண்டலைப் பிடிக்கும் தட்டியையே வெட்டுகிறார்கள்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வயற்காணியை அனுமதியின்றி நிரப்ப முடியாது. நிரப்பும் வேலையைக் கண்டால் உடனே கமநல சேவைகள் நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் திகதியிட்ட நிழற்படங்களுடன் எழுத்தில் அறிவியுங்கள். 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவதற்குச் சுற்றாடல் அனுமதி வேண்டும். ஆனால் 4 ஹெக்டேயர் என்பது நம் ஊர்க் காணி அளவில் ஏறத்தாழ 158 பரப்பு. இரண்டு, மூன்று பரப்பாகத் துண்டாடி நிரப்பப்படும் தரவை அந்த எல்லையைத் தொடாமலே மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு காணியாக முறையிடாமல், ஒழுங்கையிலுள்ளோர் சேர்ந்து நீரோட்டத்தின் முழு வரைபடத்தையும் பிரதேச சபையிடம் கொடுத்து, புதிய கட்டட அனுமதிகளின்போது வாய்க்காலுக்கான இடத்தை ஒதுக்குமாறு கேட்பதே பயன் தரும்.

வண்டற்குழியையும் மதகுகளையும் ஆவணி, புரட்டாதியில், முதல் மழைக்கு முன்னர் துப்புரவு செய்யுங்கள். அள்ளிய வண்டலைக் கரையில் குவித்தால் அடுத்த மழையே அதைத் திரும்பக் கொண்டுசெல்லும். நீரோட்டத்துக்கு அப்பாலுள்ள மேட்டுநிலத்தில் பரப்பிவிடுங்கள்.