இத்தாலியன் கற்க மாதக் கணக்கில் இலக்கு வேண்டாம்

"ஆறு மாதத்தில் இத்தாலியன் பேசுவேன்" என்று இலக்கு வைக்காதீர்கள். "இந்த வாரத்துக்குள் ஒரு காபி கேட்டு, விலை விசாரித்து வாங்கத் தெரிய வேண்டும்" என்று வையுங்கள். வாரத்துக்கு ஒரு சூழ்நிலை, நாலைந்து வாக்கியம், எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுபவர்களுக்கே இத்தாலியன் பிடிபட 600 மணி நேரத்துக்குக் குறையாத வகுப்பு வேண்டும் என்கிறது. தினம் அரை மணி நேரம் என்றால் மூன்று வருடத்தைத் தாண்டிவிடும். அதை ஆறு மாதத்தில் அடைக்கப் பார்த்தால் பாதியிலேயே சலித்துப்போகும். சின்ன இலக்கு அப்படியல்ல. "உன் கஃபே, பெர் ஃபவோரே" (ஒரு காபி, தயவுசெய்து), "குவான்தோ கோஸ்தா?" (விலை என்ன?) இரண்டும் தடுக்காமல் வருகிறதா இல்லையா என்பது ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும்.

எண்கள் படிக்கச் சேலத்துக்காரர்களுக்குத் தனி வசதி உண்டு. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏறும்போது ஊனோ, தூவே, த்ரே என்று வளைவுக்கு ஒன்றாக எண்ணினால் கடைசி வளைவில் வெந்தி, அதாவது இருபது. இறங்கும்போது தலைகீழாக எண்ணுங்கள், அதுதான் கஷ்டம். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

தேர்வு எழுதுபவர்களுக்கு இந்த வார இலக்கு மட்டும் போதாது. உதாரணமாக, இத்தாலியரை மணந்து அந்நாட்டுக் குடியுரிமை கேட்பவர்களுக்கு 2018 முதல் பி1 எனப்படும் இடைநிலை மொழித்திறன் சான்று தேவை. அவர்கள் தேர்வுத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, எழுத்து, இலக்கணம் உட்பட பாடத்திட்டப்படிதான் போக வேண்டும்.